மாமா கொண்டுவந்த குளிசை

என் கால்நோவு எப்போது தொடங்கியது என்பதில் எங்கள் வீட்டில் கடைசிவரை ஒரு முடிவு வரவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்த பிறகுதான் என்பார் உம்மா. வெங்காயம் நட்ட கிழமை என்பார் வாப்பா. பக்கத்து வளவில் இருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பின்னேர வகுப்புத் தொடங்கிய நாளில்தான் நோவும் தொடங்கியது என்று சொல்லிவிட்டு உம்மாவை ஒரு மாதிரிப் பார்ப்பார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் கள்ளம் பண்ணுகிறேன்.

எனக்கோ நாளும் தெரியாது, இடமும் தெரியாது. ஒரு நாள் காலையில் எழும்பினால் வலது முழங்கால் மடங்காமல் விறைத்துக் கிடக்கும். மத்தியானமாக அது தானாக இளகிவிடும். பிறகு சில நாள் ஒன்றும் இருக்காது. திரும்ப வரும்போது கணுக்காலில் வரும், அல்லது மற்றக் காலில் வரும். "எங்க நோகுதுன்னு விரலால தொட்டுக் காட்டு" என்று உம்மா கேட்பார். நான் தொட்டுக் காட்டுவேன். மறுநாள் கேட்டால் வேறோர் இடத்தைக் காட்டுவேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. காலையில் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகாமல் நின்றவள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தென்னைகளுக்கு நடுவில் ஓடித் திரிவதைப் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? சில நாட்களில் நானே என்னை நம்பவில்லை. எனக்கே தெரியாமல் நான் கள்ளம் பண்ணுகிறேனோ என்று பாயில் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

எங்கள் வீடு மாம்புரியில், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் இடையில் இருந்தது. வாப்பா அந்த மணலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் போட்டிருந்தார். காற்று எந்நேரமும் இருக்கும். தோட்டத்து வரம்பில் நின்றால் கடற்கரையோரக் காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றுவது தெரியும். கால் நோகும் நாட்களில் நான் அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வைத்தியம் நடக்கத்தான் செய்தது. உம்மா வேப்பெண்ணெய் காய்ச்சிப் பூசினார். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து குடிக்கத் தந்தார். சாச்சி செத்தல் மிளகாயை என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். கண்ணூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பது அவருடைய கணக்கு. அன்று கமறிய கமறலில் வீட்டிலிருந்த எல்லாரும் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். ஆகவே கண்ணூறும் இல்லை என்றாகிவிட்டது. சாச்சியின் சந்தேகம் இன்னும் கூடியது. சந்தியில் இருந்த டிஸ்பென்சரி டொக்டர் என் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, வளர்கிற பிள்ளைக்கு வருகிற நோவு என்று சொல்லிப் பனடோல் தந்தார். நான் வளர்வதாக யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் முன் வரிசையில் உட்காருகிற ஆள் நான்.

அப்போதுதான் மாமா இதில் வந்தார். உம்மாவின் தம்பி. டவுனில் ஒரு பாமசியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஊரில் அவரை 'அரை டொக்டர்' என்பார்கள். பாதிப் பகிடி, பாதி மரியாதை. அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வாசலில் சீனி வருத்தக்காரர் ஒருவர், பிரஷர்காரர் ஒருவர் என்று யாராவது வந்து நிற்பார்கள். எந்தக் குளிசையைச் சோற்றுக்கு முன்னால் குடிப்பது, எதைப் பின்னால் குடிப்பது என்று மாமா பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்.

நான் கள்ளம் பண்ணுகிறேன் என்று ஒருநாளும் சொல்லாத ஆள் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை என் முழங்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு மற்ற முழங்காலையும் அப்படிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் ராத்தாவிடம், என் உம்மாவிடம், சொன்னார்.

"இது சூடா இரிக்கி ராத்தா. புள்ள பொய் சொல்லல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நோகச் செய்துவிட்டார் என்று நினைத்து உம்மா அவரை ஏசினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா ஒரு சின்னக் காகித உறையில் குளிசை கொண்டுவந்தார். சின்ன, வெள்ளைக் குளிசை. உறையில் பேர் எதுவும் எழுதியிருக்கவில்லை. முழங்கால் நோவு என்று கெந்திக்கொண்டு கடைக்கு வந்த எத்தனையோ பேர் இதைக் குடித்துவிட்டு நடந்து போனதைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாகச் சொன்னார். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம் என்று உம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார்.

நோவு போய்விட்டது. மெல்ல மெல்லக் குறைந்தது என்று சொல்லமாட்டேன். இருந்த இடம் தெரியாமல் போனது. ஒரு காலையில் நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "நீ நடந்தா வந்த?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. உம்மா அங்கேயே நின்று அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்த வெள்ளிக்கிழமை மாமாவுக்கு ஆட்டிறைச்சி சமைத்தார்.

அதற்குப் பிறகு எனக்குப் பசிக்கத் தொடங்கியது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சோறு தின்றுவிட்டு எழும்பும்போதே பசிக்கும். காலைக்கு வாங்கிய பாணில் பாதியை நானே முடித்துவிடுவேன். சாச்சி வீட்டுச் சட்டியிலிருந்த மீனைக் கேட்காமல் எடுத்துத் தின்றிருக்கிறேன். கன்னம் உப்பியது. கழுத்து காணாமல் போனது. வயிறு முன்னுக்கு வந்தது. கால்கள் மட்டும் முன்போலவே குச்சியாக நின்றன. ஊரில் எல்லாருக்கும் சந்தோசம். "இப்பதான் புள்ள பாக்க புள்ள மாதிரி இரிக்கி" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். என்ன கொடுக்கிறீர்கள் என்று உம்மாவிடம் கேட்பார்கள். உம்மாவின் முகத்தில் ஒரு பெருமை வரும். சாச்சிகூடத் தன் மெலிந்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மாமாவிடம் ஏதோ மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மாமா தலையாட்டி மறுத்துவிட்டார்.

எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. ஒருநாள் தம்பி என் பென்சிலை எடுத்தான் என்று சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். எறிந்துவிட்டு, யார் எறிந்தது என்பதுபோல் நானே பார்த்துக்கொண்டு நின்றேன். இரவில் நித்திரை வராது. அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ ஒரு பிள்ளை என் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும். கன்னத்தில் பூனைமயிர் முளைத்திருந்தது. வகுப்பில் பையன்கள் பூசணி என்றார்கள். நோவு இருந்தபோது நான் நானாக இருந்தேன். இப்போது நோவும் இல்லை, நானும் இல்லை. இதை யாரிடம் சொல்வது? சுகம் வந்ததற்கு யாராவது முறைப்பாடு சொல்வார்களா?

இடையில் ஒரு கிழமை மாமா வரவில்லை. குளிசை முடிந்து இரண்டு நாளில் நோவு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. உம்மா மாமாவுக்குப் போன் எடுத்து அழுதார். அவர் வேலை முடிந்த கையோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்படியே மாதங்கள் போயின.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஒரு லேடி டொக்டர் வந்தார். பல்லையும் கண்ணையும் பார்க்க வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் அவர் பல்லைப் பார்க்காமல் முகத்தையே பார்த்தார். ஏதாவது குளிசை குடிக்கிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். யார் தந்தது என்று கேட்டார். மாமா என்றேன். அன்று பின்னேரமே எங்கள் வகுப்பு டீச்சர் வாப்பாவுக்குப் போன் எடுத்தார். அந்தக் குளிசை பிள்ளைக்குக் கூடாதாம், கெதியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். டொக்டர் டீச்சரிடம் சொன்னது அவ்வளவுதானா, டீச்சர் எங்களிடம் சொன்னது அவ்வளவுதானா, வாப்பா காதில் விழுந்தது அவ்வளவுதானா, எனக்குத் தெரியாது.

வாப்பா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அலுமாரித் தட்டிலிருந்த உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். களப்புப் பக்கம் போய் வெறுங்கையோடு வந்தார். "என்ட புள்ளைக்கு நஞ்சு குடுத்திரிக்கான்" என்றார். வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம், லொறி வருகிற கிழமை. அது முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மாமா வந்தபோது வாப்பா படலையைத் திறக்கவில்லை. மாமா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெளியில் நின்றபடி கதைத்தார்.

"மச்சான், என்னைய ஏசுங்க, அடிங்க. ஆனா ஒரேயடியா நிப்பாட்டாதீங்க. அது கொஞ்சம் கொஞ்சமாத்தான்..."

"இன்னும் கொஞ்சம் குடுக்கணுமா?" என்றார் வாப்பா. "உன்ட வைத்தியம் போதும். போ."

மாமா சாப்பிடாமல் போன முதல் வெள்ளிக்கிழமை அது. அவருக்கு வைத்த சோற்றை நான் தின்றேன். அதுவே கடைசிப் பசி. அடுத்த நாள்களில் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. கால் மட்டுமில்லாமல் உடம்பு முழுவதும் நொந்தது. எழும்பி நின்றால் வீடு ஒரு பக்கம் சாயும். நஞ்சு இறங்குகிறது என்று சாச்சி சொன்னார். அதனால் யாரும் அவ்வளவு பயப்படவில்லை. ஒரு காலையில் காய்ச்சல் வந்தது, சத்தி எடுத்தேன், கிணற்றடியில் விழுந்தேன். விழுந்தது எனக்கு ஞாபகம் இல்லை. முச்சக்கரவண்டியில் உம்மாவின் மடியில் கிடந்ததும், பாதையைக் கடந்த கழுதைகளுக்காக வண்டி நின்றதும், வாப்பா இறங்கி ஓடிக் கையைத் தட்டி அவற்றை விரட்டியதும் ஞாபகம் இருக்கிறது. வாப்பா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் சேலைன் ஏற்றினார்கள். டெங்குவாக இருக்குமோ என்று இரத்தம் எடுத்தார்கள். பிள்ளைகள் வாட்டில் தாய்மார் மட்டுந்தான் நிற்கலாம் என்று வாப்பாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். போகுமுன் அவர் நர்ஸிடம் சிங்களத்தில் ஏதோ விளக்கப் பார்த்தார். வாப்பாவின் சிங்களம் வெங்காயமும் மிளகாயும் விற்கிற சிங்களம். வருத்தத்துக்கு அது போதவில்லை.

வாட்டு டொக்டர் ஒரு சிங்களப் பொம்பிளை. தமிழ் கொஞ்சம் கதைப்பார். என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு உம்மாவிடம் கேட்டார்.

"அம்மா, இந்தப் புள்ள குளிசை குடிச்சதா? நிறைய நாள்?"

"பனடோல் மட்டுந்தான் டொக்டர்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியவில்லை. ஆனால் காது கேட்டது. உம்மா பொய் சொல்கிறார். மத்ரஸாவில் ஒரு சின்னப் பொய் சொன்னதற்காக என்னை முழு நாளும் தன்னோடு கதைக்கவிடாமல் வைத்திருந்த உம்மா. நான் திருத்திச் சொல்ல நினைத்தேன். நாக்கு வரவில்லை.

"அம்மா, பொய் வேணாம்" என்றார் டொக்டர். "புள்ளட முகம் சொல்லுது. பேர் சொன்னா நான் மருந்து குடுக்கலாம்."

"சத்தியமா எனக்குத் தெரியா டொக்டர்" என்றார் உம்மா. பேர் தெரியாது என்பது உண்மைதான். அதை அவர் சொன்ன விதத்தில் மட்டும் அதுவும் பொய்போலக் கேட்டது.

மாமா எப்படி உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. சாச்சி போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பார்வையாளர் நேரம்கூட இல்லை அது. கதவடியில் ஒரு ஆள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மாமா அந்தக் கையையும் இழுத்துக்கொண்டு என் கட்டில்வரை வந்துவிட்டார். நெஞ்சுப் பையில் கடையின் பேர் தைத்த சேர்ட்டைக் கழற்றாமலே வந்திருந்தார். டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் கடகடவென்று சொன்னார். அதில் குளிசையின் பேர் இருந்தது. எவ்வளவு, எத்தனை மாதம், எப்போது நின்றது, எல்லாம் இருந்திருக்கும். கடைசியில் தமிழில், யாருக்கென்று இல்லாமல், "நான்தான் குடுத்த. ராத்தாக்கு ஒண்டும் தெரியா" என்றார்.

டொக்டர் உடனே நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் ஓடிப்போய் ஊசி கொண்டுவந்து சேலைன் குழாயில் ஏற்றினார். அதற்குப் பிறகுதான் டொக்டர் மாமாவின் பக்கம் திரும்பினார். ஏசினார். அந்த வாட்டிலிருந்த தாய்மார் எல்லாரும் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்றார். உம்மா முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதார். உண்மையைச் சொன்னதற்கு ஏன் அழுகிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முடியத்தான் செய்தது. பின்னேரமாக நான் எழும்பி உட்கார்ந்து பிஸ்கட் கேட்டேன்.

மறுநாள் நர்ஸ் மருந்துத் தட்டை நீட்டினார். அதில் அதே சின்ன வெள்ளைக் குளிசை இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன். உம்மாவைப் பார்த்தேன். உம்மா, குடி மகள் என்றார். வாப்பா நஞ்சு என்று களப்பில் வீசியது, மாமா ஏச்சு வாங்கியது, அதையே இங்கே தண்ணீரும் தந்து குடிக்கச் சொல்கிறார்கள். டொக்டர் கட்டிலில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். இந்த மருந்தை உன் உடம்பே கொஞ்சம் செய்யும். வெளியிலிருந்து நிறைய வந்ததால் அது செய்வதை விட்டுவிட்டது. இனி திரும்பப் பழக வேண்டும், அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். படலைக்கு வெளியில் நின்று மாமா சொன்னதும் இதைத்தானே என்று எனக்குப் பட்டது. உம்மாவிடம் கேட்டேன். வாப்பா வந்தால் இதைக் கேட்காதே என்று மட்டும் சொன்னார்.

குளிசை குறையக் குறைய, அதன் அடியில் ஒளிந்திருந்த நோவு வெளியே வந்தது. இந்த முறை வீங்கிக்கொண்டு வந்தது. முழங்கால் பார்க்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பனங்காயாகப் பருத்தது. எனக்கு அதில் ஒரு நிம்மதி. சாச்சி வீக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு எனக்கு மட்டும் முட்டை பொரித்து வந்தது. கிளினிக்கில் மூட்டுவாதம் என்றார்கள். கிழவர்களுக்கு வருகிற சாமான் பிள்ளைக்கு எப்படி வரும் என்று வாப்பா கேட்டார். வரும் என்றார் டொக்டர். வேறு குளிசை தந்தார்கள், கிழமைக்கு ஒரு தரம் குடிப்பது. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள். கிளினிக்குக்கு நான் கலியாணம் முடிக்கும்வரை போனேன். இப்போது என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேற முடிகிறது. காற்று மாறுகிற மாதங்களில் காலையில் கொஞ்ச நேரம் விறைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆண்டில் நடந்ததில் எனக்கு மிகப் பெரிய சந்தோசமாக இருந்தது வேறொன்று. மாமா பாமசி வேலையை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வந்தவர் இப்போது தினமும் வந்தார். ஒரு காலையில் வாப்பாவே மோட்டார் சைக்கிளில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து தோட்டத்தில் இறக்கினார். இரண்டு பேரும் ஒரே பாத்தியில் நின்று கொத்துவார்கள், ஒரே பைப்பில் தண்ணீர் பாய்ச்சுவார்கள், ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்கள். வாசலில் சீனி வருத்தக்காரர் யாரும் இப்போது வந்து நிற்பதில்லை. வந்தாலும் மாமா, எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொல்லிவிடுவார். அவருக்கு எங்கள் வீடு கடையைவிடப் பிடித்துவிட்டது என்று நான் வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு பின்னேரம் நோவு தாங்க முடியவில்லை. புதுக் குளிசை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. வீட்டில் சொன்னால் பொறுத்துக்கொள் என்பார்கள். நான் வேலியைப் பிடித்துப் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். மாமா தனியாக மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். வரம்பில் உட்காரச் சொன்னார்.

"மாமா, அந்தச் சின்னக் குளிசை ஒண்டு தாங்களேன்" என்றேன். "நீங்க தந்தா நோகாதே."

அவர் பைப்பைக் கீழே போட்டார். தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு போனது, அதைக்கூடப் பார்க்கவில்லை. கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, தென்னைகளைத் தாண்டிக் களப்புப் பக்கமாக வேகமாக நடந்து போனார்.

குளிசை எடுத்துவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். காலை நீட்டிக்கொண்டு, உம்மா வந்து கூப்பிடும்வரை வரம்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.